இருவாச்சி கட்டிய சுவர்

ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, ஹாலில் கணவன் ஜெயபிரகாஷ் இருவாச்சிப் பறவையின் கதையை ஆரம்பிப்பது சாந்தாமணிக்குக் கேட்டது. லிவர்மோர் கோயிலிலிருந்து நேராகச் சாப்பிட வந்திருந்த திருமூர்த்தியும் அவன் மனைவி நாகரத்தினமும் சோபாவில் இருந்தார்கள்.

"விக்டோரியா ராணி காலத்துல நம்ம ஆனமலைக்கு ஒரு தொர வந்திருக்கான் மூர்த்தி. குதிர, கூடாரம், துப்பாக்கி, பூச்சி புடிக்க வல. புக்க படிச்சீன்னா ஃப்ரீவேல டிராஃபிக்ல நிக்கறப்பக்கூட காட்டுல இருக்கற மாதிரியே இருக்கும்."

அவன் அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வந்தவள் அவள். அவன் சப்பாத்தி சாப்பிடும்போது கதையைச் சொன்னவளும் அவள்தான்.

"இருவாச்சி இருக்குதே, ஆணு மரப்பொந்த மண்ணு வெச்சு அடச்சு, பொண்டாட்டிய உள்ள சேஃபா உக்கார வெச்சிரும். சின்ன ஓட்ட வழியா பழம் ஊட்டும். அது செத்துப்போச்சுன்னா இவ வெளிய வரவே மாட்டா. பட்டினி கெடந்து உள்ளயே செத்துருவா. தொர பாத்து எழுதிருக்கான். லவ்வுன்னா அதுடா!"

"புருஷன் விசாவுல வந்த ஹெச்-ஃபோர் பறவைன்னு சொல்லு," என்றான் திருமூர்த்தி. "வேலைக்கும் போகாது, மாலுக்குக் கூட்டிட்டுப் போன்னும் கேக்காது."

"உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போடோணும்," என்று நாகரத்தினம் அவன் தோளில் அடித்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கடுகு கருகியது. விலங்கியல் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் பேராசிரியருக்குச் சொல்ல வேண்டும். "கிரீன் கார்டு ஃபைல் பண்ற நேரத்துல விசாவ மாத்துனா சிக்கலு. லாயர் சொன்னாரு," என்று ஜெயபிரகாஷ் நேற்றும் சொன்னான். வெள்ளிக்கிழமை அவளே வக்கீல் அலுவலகத்துக்குப் பேசியிருந்தாள். அவர்களிடம் இதைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதே இல்லையாம். பொய்யைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளால் தாங்க முடியாதது, அது அவளுடைய நன்மைக்கென்று அவன் மனதார நம்புவது. அவள் சொன்ன கதையிலிருந்து துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் இவ்வளவு இயல்பாக எடுத்துவிட எப்படி முடிகிறது?

கரண்டியோடு ஹாலுக்கு வந்தாள்.

"ஆணு தானா சாகலீங்க. தொரதான் சுட்டான்."

"ஆமா, சுட்டான். அதுக்கென்ன இப்ப?"

"கூடு இருந்த மரத்தக் காட்டுனவீங்க அந்தக் காட்டுலயே இருக்கற காடருங்க. அவீங்க பேரு ஒண்ணுகூட புக்குல இல்ல. தொர பேர ஒரு வண்டுக்கு வெச்சிருக்குது. சுட்ட மக்காநாளே கூடாரத்தக் கெளப்பிட்டேன்னு அவனே எழுதிருக்கான். அப்பறம் அவ செத்தத எங்கீங்க பாத்தான்?"

ஜெயபிரகாஷ் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தான். "எம்.எஸ்சி ஜுவாலஜிங்க. இவளோட ஆர்க்யூ பண்ண முடியாது. ரசத்தக் கொண்டாம்மா, பசிக்குது."

"அந்தச் செவுத்த உள்ளாற இருந்து, தன் எச்சத்தயும் கொழச்சுக் கட்டறதே அவதானுங்க. ஒடைக்கவும் அவளுக்குத் தெரியும். நான் ஆனமலைல, டாப்ஸ்லிப்புல பாத்திருக்கறேன்."

சமையலறைச் சுவரிலிருந்த போனை எடுத்தாள். எண் மனப்பாடமாக இருந்தது.

"சண்டே யாருக்குக் கூப்படற?" என்று ஜெயபிரகாஷ் எழுந்தான். பிறகு புரிந்துகொண்டான். "சாந்தா, வெய்யி. கெஸ்ட்டு இருக்காங்க. அப்பறம் பேசலாம்."

மறுமுனையில் மணி அடித்தது. பேராசிரியரின் குரல் பதிவிலிருந்து நிதானமாகப் பேசி முடிந்தது. பீப் ஒலித்தது. நாகரத்தினம் மட்டும் இப்போது சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்த நொடியில் சாந்தாமணிக்கு அந்த டாப்ஸ்லிப் மரத்தடி தெரிந்தது. ஆண் வராமல் போன மரம். அதன் கீழே, உள்ளிருந்து கொத்திப் பெயர்த்த சுவர்ச் சில்லுகள். மழையில் ஊறிய அந்தச் சில்லுகளில் பெண் இருவாச்சி தின்ற அத்திப்பழத்தின் விதைகள், பச்சையாய் முளைவிட்டிருந்தன.