எடை கேட்ட திரை

பிரசவ விவரங்களைப் பதிவு செய்யத் தமந்தா எழுதிய செயலியை, பிரசவ நேரத்தில் நர்சுகள் யாரும் தொடுவதில்லை. எல்லாம் முடிந்தபின் நினைவிலிருந்து நிரப்பினார்கள். நேரங்கள் தாறுமாறாக இருந்தன.

"இன்னொரு தடவை டிரெயினிங் குடுத்துடலாம்," என்றான் குழுத் தலைவன் லிம்பானி.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"தலைநகர் லிலோங்வேலேருந்து ஏரிக்கரை வரைக்குமா? ரத்தத்தப் பாத்தாலே நீ மயங்கி விழுவியே."

ஆனாலும் போனாள். அந்தச் சுகாதார நிலையத்தில் அன்று நர்ஸ் ஃபட்சானி ஒருத்திதான். தமந்தாவின் வயதுதான் இருக்கும். உள்ளே உலேமு என்ற பெண் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். "கூட இருக்கட்டும், பிடிச்சுக்க ஒரு கை ஆச்சு," என்று உலேமுவே தமந்தாவை இழுத்துக்கொண்டாள்.

தலை தெரிந்தது. "இந்தப் போன நீயே வச்சுக்கோ, என் கையப் பாரு," என்றாள் ஃபட்சானி. கையுறை முழங்கை வரை நனைந்திருந்தது.

திரை தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. தமந்தா கடவுச்சொல்லை அடித்து முடிப்பதற்குள் குழந்தை வழுக்கி வந்து விழுந்தது.

"நேரத்தப் போடு."

அழுத்தினாள். சிவப்பு எழுத்து தோன்றியது: முதலில் குழந்தையின் எடையை நிரப்பவும். அவளே எழுதிய வாக்கியம்.

குழந்தை அழவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஃபட்சானி துணியால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "வாடா கண்ணு, அம்மா பாத்துட்டிருக்கா, வா," என்றாள். தமந்தாவுக்குப் போன் நினைவே அற்றுப்போயிற்று.

சின்ன நெஞ்சு ஒருமுறை குழிந்து எழுந்தது. நாக்கில் செம்மை ஏறியது. பிறகு அந்தக் குரல். கதவு திறக்கவில்லை, யாரும் உள்ளே வரவில்லை. ஆனாலும் அந்த அறையில் புதிதாக ஓர் ஆள் இருந்தான், வெளிச்சத்தைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு. தமந்தாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மயக்கம் வரவே இல்லை.

"நேரம் போட்டாச்சா?"

"இல்ல சிஸ்டர். எடை கேக்குது."

"எங்கிட்டயும் அதான் கேக்கும். மூச்சு வராத புள்ளயத் தராசுலயா வைப்பாங்க?"

"அத எழுதுனதே நான்தான்."

"தெரியும். அதான் உன் கையில குடுத்தேன்," என்று சிரித்தாள் ஃபட்சானி.

அலுவலகம் திரும்பியதும் தமந்தா எல்லோருக்கும் கையுறை மாட்டி, மேலே சமையல் எண்ணெயை ஊற்றிப் போனைக் கொடுத்தாள். கேலி செய்த லிம்பானியால் கடவுச்சொல்லையே தாண்ட முடியவில்லை. அதன்பின் திரை நிறைய ஒரே பொத்தான் வைத்தார்கள். முழங்கையால் இடித்தால் போதும். நேரத்தைப் போனே குறித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் காத்திருக்கும். பிரசவம் முடியும்வரை திரை பூட்டாது.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க லிம்பானியே கிளம்பினான். திரும்பி வந்த அன்று மதியம் அவன் தட்டில் ன்சிமா என்ற சோளக்களி ஆறிக்கொண்டிருந்தது.

"பொத்தான் வேல செஞ்சுதா?" என்று கேட்டாள் தமந்தா.

"செஞ்சுது." தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னான்: "புள்ளயத் தொடைச்சு எங்கிட்டக் காட்டுனாங்க, தமந்தா. அது என் வெரலப் பிடிச்சுக்கிச்சு. விடவே இல்ல."

அந்த விரலை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.