பாலத்துக்கு அடியில் ஒரு மேஜர்

இராணுவத்தின் பொறியியல் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவள். பதினோரு வருடம் ஓடி மேஜராகவும் ஆகிவிட்டாள். ஆனால் அவளை எப்படிக் கூப்பிடுவது என்ற வழக்கு மட்டும் வெகுநாள் இழுத்தது. சிலர் "சார்" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். சிலர் வம்பே வேண்டாமென்று "மேடம் சார்" என்பார்கள். நரைமீசை சார்ஜண்ட்தான் ஒருநாள் "மேஜரம்மா" என்று வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

அந்த மழையில் ஆறு பெருகி ஊருக்கிருந்த ஒரே பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அக்கரையில் ஆஸ்பத்திரி, இக்கரையில் மருந்து லாரிகள். வெள்ளம் வடிந்ததும், இரும்புச் சட்டங்களைக் கோத்து முப்பது மணி நேரத்தில் தற்காலிகப் பாலம் போடச் சொல்லி மேஜரம்மாவுக்கு உத்தரவு வந்தது. இருபத்தாறாவது மணியில் அவளுடைய ஆட்கள் கடைசி போல்ட்டை முறுக்கி முடித்தார்கள்.

முதல் லாரிக்காரர் பாலத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

"இதை நீங்களா கட்டினீங்க? எனக்கு மூணு பொண்ணுங்கம்மா."

எத்தனை டன் தாங்கும் என்று அவள் விளக்க விளக்க, அவர் தலையைச் சொறிந்தாரே தவிர சாவியைத் தொடவில்லை. அவள் ஒரு வாளியையும் ஆளுயர அளவுகோலையும் எடுத்துக்கொண்டு கரைச்சரிவில் இறங்கினாள். பாலத்துக்கு நேர் அடியில், சேற்றில் அளவுகோலை நட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப ஓட்டுங்கண்ணே! விழுந்தா முதல்ல என் தலையிலதான் விழும்."

அவர் சாவியைத் திருகினார். லாரி பாலத்தில் ஏறியது. இரும்பு முனகியது. மேஜரம்மாவின் கண் அளவுகோலை விட்டு நகரவில்லை. பாலம் எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டிருந்தாளோ, அவ்வளவுதான் வளைந்தது. லாரி அக்கரையில் ஏறி ஹாரன் அடித்தது.

அதற்குள் பாலத்தைப் பார்வையிட ஜெனரல் வந்துவிட்டார். வந்த வேகத்தில் சார்ஜண்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம், மேஜர்!"

"ஐயா, நான் இல்லீங்க. அவங்க கீழ இருக்காங்க."

ஜெனரல் குனிந்து எட்டிப் பார்த்தார். அவள் சட்டென்று எழுந்து சல்யூட் அடித்தாள். ஒரு பூட்ஸ் மட்டும் சேற்றிலேயே தங்கிவிட்டது.

"அங்க என்ன பண்றீங்க?"

"கணக்கைச் சரிபார்க்கிறேன் சார். ஒரு நூல்கூடப் பிசகலை."

நம்பாமல் தானே பார்க்க இறங்கியவர், இரண்டாவது அடியிலேயே வழுக்கி, பதக்கங்களோடு சேற்றில் உட்கார்ந்தார். மேலே நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று இருமல் வந்துவிட்டது. அவள் கைகொடுத்துத் தூக்கினாள். அவர் அளவுகோலைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார்.

"மலைப்பக்கம் இன்னும் நாலு பாலம் போயிருக்கு. ரெஜிமெண்ட்டையே உங்க கையில குடுத்தா எத்தனை நாளாகும்?"

"பத்து நாள் சார். ஆளுங்களை நான்தான் பொறுக்குவேன்."

"எடுத்துக்குங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டாள். கணவர் எடுத்தார்.

"எப்ப வர்றே?"

"பத்து நாளாகும். ரெஜிமெண்ட்டே என்கிட்ட வந்திருச்சுங்க."

எதிர்முனையில் போன் தொப்பென்று விழுந்தது. "அம்மா! உங்க மருமக என்ன பண்ணியிருக்கா தெரியுமா!" என்று அவர் வீடு அதிரக் கத்தினார். மாமியார் ஏதோ பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மகள் குதிக்கும் சத்தம் கேட்டது. போனை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் வைக்காமல், வாய்கொள்ளாச் சிரிப்போடு கேட்டுக்கொண்டே நின்றாள்.