இருபத்தாறு மில்லி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் அளந்து சொன்ன எண்ணை யாராவது சந்தேகப்பட்டால் அது இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே வரும். "சுமாரா இருக்கு", "பாத்தா நல்லாதான் தெரியுது" என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. என் பிழைப்பு அப்படி. கணினித் திரைகளை, அதிலும் விளையாட்டுக்காரர்கள் வாங்கும் வேகமான திரைகளை, அளந்து பார்த்து ஒரு பத்திரிகைக்கு அறிக்கை எழுதுகிறேன். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை நம்பாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் எனக்கு வைத்த பெயர் மில்லி. கல்யாணமான புதிதில், ஒரு செகண்டை ஆயிரம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுதான் மில்லி செகண்ட் என்று அவருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க விளக்கினேனாம். "ஒரு நிமிஷத்துல வரேன்" என்று அவர் சொல்வதை அன்றோடு விட்டுவிட்டார். இப்போதெல்லாம் "வரேன்" என்பதோடு சரி.

மூன்றாவது ஆள் என் நாத்தனார். நாற்காலியில் காலை மடக்கிக் குந்தி உட்காருவாள் என்பதால் குருவி. எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் வேலை. பகலில் மற்றவர்களின் விரல்களை மடக்கி நீட்டிவிட்டு, சாயங்காலம் தன் விரல்களை ஓடவிடுவாள். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஒரு துப்பாக்கி விளையாட்டில் அவள் நான்கு வருடமாக ஒரு அணியில் இருக்கிறாள். அணித் தலைவர் எங்கோ பஸ் கண்டக்டர். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேரைவிட அவர்கள் அவளுக்கு நெருக்கம்.

அந்த வாரம் பெரிய போட்டிக்கு ஐந்து பெயர்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிதான் கெடு. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஆறாவது ஆளாகக் காத்திருந்தாள். குருவிக்கு முப்பத்துமூன்று.

அதே வாரம் திங்கட்கிழமைதான் எனக்குப் புதுத் திரை வந்தது. ஒரு செகண்டுக்கு இருநூற்று நாற்பது படம் காட்டும் ஜாதி. என் வேலை முறையை நானே ஆறு வருடத்துக்கு முன் வகுத்து வைத்திருக்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. முதல் நாள் வேகம். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைத் திரையில் ஒட்டுவேன். மவுஸை அழுத்தினால் திரையில் ஒரு கட்டம் வெள்ளையாகும். அழுத்தியதற்கும் வெள்ளையானதற்கும் நடுவே எத்தனை மில்லி ஓடியது என்று கருவி சொல்லும். நூறு தடவை அழுத்திச் சராசரி எடுப்பேன். இந்தத் திரைக்கு ஒன்பது வந்தது. ஒன்பது என்றால் பிரமாதம்.

அதன் பிறகு சாயங்காலங்களில் திரை குருவியின் அறைக்குப் போகும். அளந்தால் மட்டும் போதாது, ஒருத்தர் அதோடு நாலு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. இதற்கு எங்கள் வீட்டில் 'குடித்தனம் வைப்பது' என்று பெயர். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் குடித்தனம் சுகமாகப் போனது.

புதன்கிழமை பகலில் நிறம். பின் அறையின் சுவர்களுக்கு நானே சாம்பல் நிறம் அடித்திருக்கிறேன், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. திரையைத் தூக்கி வந்து, அரை மணி நேரம் சூடாக விட்டு, நிறம் அளக்கும் கருவியைத் தொங்கவிட்டு, சிவப்பைக் குறைத்து, பச்சையை ஒரு புள்ளி ஏற்றி, வெள்ளையை வெள்ளையாக்கினேன். எல்லாம் சரி, இடது கீழ் மூலை மட்டும் பழைய காகிதம் மாதிரி லேசாக மஞ்சளடித்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மெனுவைக் குடைந்ததில், திரை முழுவதையும் ஒரே சீராக்குகிற ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டேன். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. அன்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

சாயங்காலம் குருவி பார்த்துவிட்டு, நிறமெல்லாம் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். நான் மோவாயை நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

வியாழக்கிழமை அவள் முகம் வாடியிருந்தது. ஆட்டத்தில் வரிசையாகத் தோற்றிருக்கிறாள். சுவர் மூலையிலிருந்து எதிரி எட்டிப் பார்ப்பதற்குள் இவள் செத்துவிடுகிறாளாம். கண்டக்டர் திட்டவில்லை, ஆறாவதாகக் காத்திருந்த அந்தப் பெண்ணை ஒரு ஆட்டம் ஆடச் சொன்னாராம். அதுதான் இவளைக் குத்தியது.

"அண்ணி, கோச்சுக்காதீங்க," என்றாள். "கை முன்னாடி போகுது, படம் பின்னாடி வருது."

கோபித்துக்கொள்ளாதே என்று சொன்னாலே எனக்குக் கோபம் வரும். ஒன்பது மில்லி என்று நூறு தடவை அழுத்தி அளந்த திரையைப் பற்றியா பேசுகிறாய் என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவளையே அளந்து காட்டிவிடுகிறேன் என்று உட்கார வைத்தேன்.

அது ஒன்றும் புதிதல்ல. திரையில் கட்டம் வெள்ளையானதும் அழுத்த வேண்டும், முப்பது தடவை, சராசரி. போன வருடம் வேறொரு திரையில் விளையாட்டாக மூவரும் செய்து பார்த்து, பின் அறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தோம். அந்தத் திரையும் ஒன்பது மில்லிதான். குருவி 204. நான் 249. வீட்டுக்காரர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை குருவிக்கு 231 வந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் 231. அதையும் கதவில் எழுதினேன். எழுதிவிட்டுச் சொன்னேன்: "திரை சரியாத்தான் இருக்கு. நீதான் இருபத்தேழு மில்லி மெதுவாயிட்ட."

அவள் சண்டை போடவில்லை. "முப்பத்திமூணு ஆகுதில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவள் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் வரிசையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் வருகிற நோயாளிகளுக்கு அவள் வைக்கும் சோதனை அது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். மனசு சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் எண் என்றால் எண்தானே, அதற்கு நான் என்ன செய்வது என்று இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

சனிக்கிழமை காலை அறிக்கையை முடிக்க உட்கார்ந்தேன். வேகம் பிரமாதம், நிறம் பிரமாதம் என்று இரண்டு பத்தி எழுதியாகிவிட்டது. ஆசிரியர் ஒரு புகைப்படம் கேட்டிருந்தார். தீப்பெட்டிக் கருவி திரையில் ஒட்டியிருக்க, எண்ணும் தெரிய வேண்டும். திங்கட்கிழமையே எடுத்திருக்க வேண்டியது, மறந்துவிட்டேன். குருவியின் அறையிலிருந்து திரையைத் தூக்கி வந்து, கருவியை ஒட்டி, கேமராவை நிறுத்தி, மவுஸை அழுத்தினேன்.

முப்பத்தைந்து.

கருவிக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பேட்டரியை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். மவுஸை மாற்றினேன். கணினியை அணைத்துப் போட்டேன். முப்பத்தைந்து, முப்பத்துநான்கு, முப்பத்தைந்து. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டு முடித்த பிறகுதான், திங்கட்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவில் இந்தத் திரையில் கை வைத்தவள் நான் ஒருத்திதான் என்பது உறைத்தது.

மெனுவைத் திறந்து, மூலை மஞ்சளைப் போக்கிய அந்த வசதியை எடுத்துவிட்டேன். ஒன்பது. போட்டேன். முப்பத்தைந்து.

விஷயம் இவ்வளவுதான். திரை முழுவதையும் சீராக்க, அது ஒவ்வொரு படத்தையும் வாங்கி வைத்து, கணக்குப் போட்டு, திருத்தி, அப்புறம் காட்டுகிறது. அதற்குள் ஆறு படம் பின்தங்கிவிடுகிறது. நான் வேகத்தை அளந்தபோது அந்த வசதி இல்லை. நிறத்தை அளந்தபோது இருந்தது. இரண்டு எண்ணும் சுத்தமான உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்ததே இல்லை. முதலில் வேகம், பிறகு நிறம் என்று ஆறு வருடமாகக் கர்வத்தோடு கட்டிக்காத்த முறை என் காலையே வாரிவிட்டது.

அலமாரிக் கதவு திறந்திருந்தது. 204. அதன் கீழே என் கையெழுத்தில் 231. அவள் மெதுவாகிவிட்டாள் என்று நிரூபிக்க, அவளைத் தாமதமாகக் காட்டுகிற திரையின் முன்னாலேயே உட்கார வைத்திருக்கிறேன்.

மணி பதினொன்று முப்பத்தெட்டு. கருவியைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்குப் போனேன். குருவி மேஜை நாற்காலியில் குந்தியிருந்தாள், கையில் போன். கண்டக்டருக்கு எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாலு வருஷம் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி, சின்னவளுக்கு வாய்ப்புக் கொடுங்கள், நான் வேடிக்கை பார்க்கிறேன் என்ற ரீதியில் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்றார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. பூசி மெழுகவும் தெரியாது.

"அனுப்பாத," என்றேன். "நீ மெதுவாகல. நான்தான் படத்தை நிறுத்தி வெச்சிருந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரையின் முன் உட்கார வைத்தேன். போட்டும் எடுத்தும் காட்டினேன். புதன்கிழமை நான் செய்ததைச் சொன்னேன். நீ சொன்னதை அப்போதே நம்பியிருக்க வேண்டும், என் கருவிக்கு முன்னால் உன் விரலுக்குத் தெரிந்துவிட்டது என்றேன். அந்த வசதியை எடுத்துவிட்டேன். அவள் மவுஸைக் கையில் எடுத்தாள்.

முப்பது தடவை. நானும் வீட்டுக்காரரும் அவள் முதுகுக்குப் பின்னால், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல நின்றோம்.

205.

குருவி சிரித்தாள். இரண்டு நாளாகப் பார்க்காத சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்போடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்து, எழுதியிருந்த அத்தனையையும் அழித்துவிட்டு, 'நான் இருக்கேன்' என்று இரண்டே வார்த்தை அனுப்பினாள். கண்டக்டரிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் படம் வந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்பது நிமிஷம் இருந்தது.

வீட்டுக்காரர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருநூத்தி நாலுலேர்ந்து இருநூத்தி முப்பத்தொண்ணு, இருபத்தேழு. திரை தின்னது இருபத்தாறு. அப்ப ஒரு மில்லி எங்க போச்சு?"

"அது வயசு," என்றாள் குருவி. "வருஷத்துக்கு ஒண்ணு. அத நான் வெச்சுக்கறேன்."

ஆசிரியரைக் கூப்பிட்டு அறிக்கையை நிறுத்தச் சொன்னேன். என் தவறைத் தவறு என்றே எழுதப்போகிறேன் என்றேன். அரைப் பக்கம் கூடுதலாகத் தருகிறேன் என்றார். வேகமும் நிறமும் இந்தத் திரையில் ஒன்றாக வராது, ஏதாவது ஒன்றுதான் என்று எழுதினேன். பழைய அறிக்கைகளையும் புரட்டினேன். இதே வசதியைப் போட்ட திரைகள் இரண்டு இருந்தன. இரண்டையும் திரும்ப வரவழைத்து அளக்க வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு லேசாகவும் இருந்தது.

குருவி அணியில் இருக்கிறாள். போட்டி நடந்துகொண்டிருக்கிறது. இரண்டில் ஜெயித்து ஒன்றில் தோற்றிருக்கிறார்கள். தோற்றதற்குக் காரணம் கண்டக்டராம். திரை இன்னும் அவள் அறையில்தான் இருக்கிறது, மாதக் கடைசியில்தான் திருப்பி அனுப்ப வேண்டும். இடது கீழ் மூலை மஞ்சளாகவே இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கை மெனுவுக்குப் போகத் துடிக்கிறது. அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

திங்கட்கிழமை அடுத்த திரை வந்தது. கேபிள் எடுக்க அலமாரியைத் திறந்தேன். 231 என்று நான் எழுதியதைக் குருவி அடிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் கணக்கைச் சேர்த்திருந்தாள்: 'அண்ணி 26, நான் 1.'

கேபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முதலில் நிறத்தைச் சரி செய்தேன். பிறகு வேகத்தை அளந்தேன்.