சொந்தக்காரர் மேற்கோள்

எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அக்கா செய்கிற முதல் வேலை, தங்கையின் எண்ணைப் பார்ப்பது. போன் எண் இல்லை, மேற்கோள் எண். எங்கெங்கோ இருக்கிற புற்றுநோய் ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரைகளில் 'இவருடைய ஆய்வைப் பாருங்கள்' என்று தங்கையை எத்தனை முறை காட்டியிருக்கிறார்கள் என்கிற கணக்கு. நேற்றைவிட இன்று கூடியிருக்கும். பார்த்ததும் அக்காவுக்கு அடிவயிற்றில் சுருக்கென்று இருக்கும். அந்தச் சுருக்கு இல்லாமல் அவளுக்குப் பொழுது விடிந்ததாகவே தோன்றாது. பக்கத்தில் படுத்திருக்கும் கணவர் கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

"ஏறிடுச்சா?"

"உங்களுக்கென்ன, தூங்குங்க."

பொறாமைதான், வேறென்ன! இத்தனைக்கும் தங்கையை இந்த ஆய்வுக்கூடத்துக்குள் கூட்டி வந்ததே அக்காதான். மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் சில, மருந்து ஊற்றினாலும் சாகாமல் தூங்கிக் கிடந்து, ஆபத்து போனதும் எழுந்துகொள்கின்றன என்று அக்கா ஒரு கட்டுரை எழுதினாள். அப்போது நாலு பேர் கைகுலுக்கினார்கள். அந்தத் தூங்குமூஞ்சிச் செல்களை எழுப்பிக் கொல்வது எப்படி என்று பின்னால் தங்கை எழுதினாள். அவ்வளவுதான், அவள் கொடி பறக்க ஆரம்பித்துவிட்டது. மாநாடு, மேடை, பேட்டி. அப்பா போன் செய்து அக்காவிடமே கேட்பார்: "சின்னவ போட்டோ பேப்பர்ல வந்திருக்காம்மா, பாத்தியா?" பார்க்காமலா இருப்பாள்? அவருக்கு முன்னாலேயே பார்த்துப் பொருமி முடித்திருப்பாள்.

இப்போது துறைத்தலைவர் நாற்காலி காலி. இருவர் பெயரும் அடிபட்டது. வயதிலும் மூத்தவள், வேலையிலும் மூத்தவள். கூடப்பிறந்த தங்கையிடம் போய் விடுப்புக்குக் கையெழுத்து வாங்குவதை நினைத்தாலே அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யாரை எப்படி எடைபோடுவது என்று பேசத்தான் இயக்குநர் கூட்டம் போட்டார். அக்கா நல்லபிள்ளையாக எழுந்தாள்.

"சார், மேற்கோளை அப்படியே எண்ணக் கூடாது. தன்னைத் தானே காட்டிக்கிறது, சொந்தக்காரங்க காட்டுறது, எல்லாத்தையும் கழிச்சுடணும். அப்பதான் உண்மையான மதிப்பு தெரியும்."

தங்கை தன் பழைய கட்டுரைகளைத் தானே ஏகப்பட்ட முறை காட்டியிருக்கிறாள் என்பதை அக்கா பார்த்து வைத்திருந்தாள். குறி அதற்குத்தான். சொந்தக்காரர்களைச் சேர்த்தது, பேச்சு நியாயமாகத் தெரிய வேண்டுமே என்பதற்காக.

தங்கை தலை நிமிர்ந்தாள். "அக்கா, சொந்தக்காரங்க காட்டுறதைக் கழிக்க வேண்டாமே."

"ஏன், பயமா இருக்கா?"

தங்கை தன் குறிப்பேட்டை மூடி வைத்தாள். விதி நிறைவேறியது.

அடுத்த வாரம் இயக்குநர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். தங்கையின் எண் லேசாக இளைத்திருந்தது. அக்காவின் எண் பாதிக்கும் கீழே போய்க் கிடந்தது.

"சார், இதுல ஏதோ தப்பு."

"தப்பில்லம்மா. உங்களை அதிகமா மேற்கோள் காட்டியிருக்கிறதே உங்க தங்கச்சிதான். நீங்க கொண்டுவந்த விதிதானே?" அவர் அதை மிகவும் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அக்கா நேரே செல் வளர்ப்பு அறைக்குப் போனாள். தங்கை நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள்.

"தெரிஞ்சுதானே அன்னைக்கு வேண்டாம்னே?"

"ம்."

"இத்தனை வருஷமா எனக்குப் பிச்சை போட்டிருக்கே, அப்படித்தானே?"

"அப்படிச் சொல்லாதேக்கா."

"சரி, உண்மையைச் சொல்லு. தேவைப்பட்டுத்தான் என் கட்டுரையைக் காட்டினியா?"

தங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"முதல் மூணு கட்டுரைக்குத் தேவைப்பட்டுச்சு. அது இல்லேன்னா நான் ஆரம்பிச்சே இருக்க முடியாது."

"அப்புறம்?"

"அப்புறம்... உன் பேர் இல்லாம அனுப்ப என்னமோ மாதிரி இருந்துச்சு."

அழுகை வரும் என்று அக்கா நினைத்தாள். வந்தது அழுகை இல்லை, அதே பழைய சுருக்கு. இதிலும் இவளே ஜெயித்துவிட்டாளே பாவி!

தங்கை மேசையிலிருந்து சில தாள்களை எடுத்து நீட்டினாள். "புதுசு. நாளைக்கு அனுப்பணும். ஒரு தடவை பாத்துக் குடு. உன்னோடது நாலாவது பக்கத்துல இருக்கு. வேண்டாம்னா அடிச்சுடு."

அக்கா தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பென்சிலைக் கூர் தீட்டி வைத்துக்கொண்டு நாலாவது பக்கத்தைத் திருப்பினாள். அந்த வாக்கியத்தின் முடிவில் அவளுடைய கட்டுரையைக் காட்டுகிற சின்ன மேற்கோள் எண் இருந்தது. அதை ஆள்காட்டி விரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை வாசித்தாள். எந்தக் குறையும் தெரியவில்லை. விரலை எடுத்துவிட்டு வாசித்தாள். மறுபடி விரலை வைத்தாள்.