ஈ.பி.என்.எஸ். வீடு

வெள்ளி விலை ஏறியதிலிருந்து இராஜபாளையத்தில் அந்தத் தெருவே பழைய வெள்ளியைத் தேடிப் பரணில் கிடந்தது. செல்லத்தாயும் ஏறினாள். இரண்டு டம்ளர், ஒரு குங்குமச் சிமிழ், அறுந்த கொலுசு. அவற்றுக்குப் பின்னால், பழைய வேட்டியில் சுற்றி, ஒரு டீ கெட்டில். அதை அவள் பார்த்ததே இல்லை. நல்ல கனம்.

கவிழ்த்தாள். அடியில் நான்கு ஆங்கில எழுத்துகள். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பெட்டிக்கு லேபிள் ஒட்டியவள் அவள். எழுத்துக் கூட்டத் தெரியும். ஈ.பி.என்.எஸ்.

அந்த ஊரில் பெரிய வீடுகளை இனிஷியல் எழுத்துகளைச் சொல்லித்தான் அழைப்பார்கள். பாத்திரத்தில் வெட்டுவதும் அதே எழுத்துகளைத்தான். அவள் புருஷன் தனுஷ்கோடி இருபத்தெட்டு வருஷம் கார் ஓட்டிய மில் முதலாளி வீட்டுக்கு எழுத்து மூன்று. இது வேறு.

மதியம் சாப்பிடும்போது கேட்டாள்.

“இது ஏது?”

“மொதலாளியம்மா குடுத்தது. தெலுங்குல ‘தீஸ்கோ தனுஷ்கோடி’ன்னாக. எடுத்துக்கிட்டேன்.”

“இது அவிய எழுத்து இல்லையே. அடுத்த வீட்டுப் பாத்திரத்த அவிய எப்படிக் குடுப்பாக?”

அவர் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் அது யார் வீட்டு எழுத்தென்று தெரியவில்லை. முதலாளியம்மா இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் ஊரில் இல்லை.

“நான் திருடுனேன்னு வாயத் தெறந்து சொல்லிரு ஏட்டி.”

அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. முதலாளியை இறக்கிவிட்டு எத்தனை வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து காப்பி குடித்திருப்பார் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பாதித் தட்டில் எழுந்து கை கழுவினார்.

அதன் பிறகு வீட்டில் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் புரோட்டா தின்றுவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். செல்லத்தாய் கம்பெனியில் மெல்ல விசாரித்தாள். பக்கத்து மேசை கல்பனா சிரித்தாள்.

“ஈ.பி.யா? கரண்ட் ஆபீஸ்காரன் கெட்டிலா இருக்கும் மதினி. பில்லு கட்டலன்னா வந்து பிடுங்கிருவான்.”

ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். அங்கே வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் காளிராஜ்தான் சுற்றுவட்டார வீடுகளுக்குப் பெயர் வெட்டுகிறவன்.

“விக்க வரல தம்பி. இது எந்த வீட்டுதுன்னு மட்டும் சொல்லு. கொண்டுபோய்க் குடுத்துருதேன்.”

அவன் கெட்டிலைத் திருப்பினான். சிரித்தான்.

“இந்த வீட்ட நான் எங்கன போய்த் தேட?”

அவளுடைய டம்ளரை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். “இதுல வெட்டுனது உன் அப்பா பேராக்கும். உளியால புள்ளி புள்ளியாக் குத்துனது. ஒன்னு ஏறி, ஒன்னு எறங்கி இருக்கு பாரு. கெட்டில்ல அம்புட்டும் ஒரே அளவு. இது கம்பெனி அச்சு.”

இரண்டையும் அடியில் லேசாக அரத்தால் உரசி ஒரு சொட்டு ஆசிட் விட்டான். டம்ளரில் பால் மாதிரி வெளுத்தது. கெட்டிலில் பச்சையாகப் பொங்கியது.

“ஈ.பி.ன்னா எலக்ட்ரோ பிளேட். என்.எஸ்.ன்னா நிக்கல் சில்வர். பேர்லதான் சில்வர். உள்ள செம்பும் நிக்கலும், மேல வெள்ளி முலாம். இத மாதிரி ஆயிரக்கணக்குல அடிச்சிருப்பான் யக்கா.”

“அப்ப ஈ.பி.என்.எஸ்.ன்னு ஒரு வீடு?”

“கெடையவே கெடையாது.”

“எம்புட்டுக்குப் போகும்?”

“உன் டம்ளருக்குக் கால் தூசி. முலாம் போயிருச்சு. மூக்கு ஒழுகி ஈயம் வச்சு அடைச்சிருக்கு. பெரிய வீட்டுல இத யாரு வச்சிருப்பா? வேல பாத்தவியளுக்கு எடுத்துக் குடுத்திருப்பாக.”

செல்லத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. விலை போகாததற்கு அழுகிறாள் என்று நினைத்து அவன் டீ வாங்கிக் கொடுத்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கு தாண்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டில் என்னவென்று ஆரம்பிப்பது?

போனதும் உலை வைத்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“சாப்பிட வாங்க. அது வெள்ளியே இல்லையாம். அந்த எழுத்தும் யாரு பேரும் இல்லையாம். பெரிய வீட்டுல குடுத்ததாத்தான் இருக்கும்னு அந்தத் தம்பியே சொல்லுது.”

தனுஷ்கோடி அவள் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“எந்தத் தம்பி?”

“வில்லிபுத்தூர்ல, பட்டறை வச்சிருக்குல்லா, காளிராஜ்.”

“அவனுக்கு என்னையத் தெரியுமா?”

“உங்கள எப்படித் தெரியும்?”

“தெரியாதவன் செத்த நேரத்துல சொல்லிட்டான். உனக்கு அஞ்சு நாளு ஆச்சு.”

அவள் குழம்புச் சட்டியை எடுத்து வைத்தாள். அவர் எழுந்து வந்து தட்டின் முன் உட்கார நேரமாயிற்று. சோற்றை வைத்துக் குழம்பை அள்ளினாள். கண் அவர் முகத்தில் இருந்தது. குழம்பு வெளியே சிந்தப் போனது.

அவர் தட்டை நகர்த்தி ஏந்தினார்.