இடது முழங்கால்

...அதையெல்லாம் நீதிபதி கேட்கவே மாட்டாராம். அடித்தார்களா, எத்தனை பேர் அடித்தார்கள், திருப்பி அனுப்பினால் தம்பி உயிரோடு இருப்பானா, இதெல்லாம் இந்த மாடியில் பேச்சே கிடையாது. நாடு கடத்தச் சொன்ன அதிகாரி தன் முடிவை முறையாக எழுதினாரா, காரணம் காட்டினாரா, அதை மட்டும்தான் பார்ப்பார்களாம். நல்ல நீதி. ஆளை விட்டுவிட்டு ஆளைப் பற்றிய காகிதத்தைத் தடவிப் பார்க்கிற நீதி. தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், கீழே சோதனையில் கழற்றிய பெல்ட்டை இன்னும் மாட்டவில்லை, சுருட்டி மடியில் வைத்திருக்கிறான். கதவில் ஒட்டிய பட்டியலில் நாங்கள் நான்காவது. முதல் இரண்டு வழக்கும் முடிந்து, வெளியே வந்தவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் லிஃப்ட் பக்கம் போய்விட்டார்கள். மூன்றாவது இப்போது உள்ளே நடக்கிறது.

அந்த அதிகாரி காரணம் காட்டாமலா இருந்தார், அழகாகக் காட்டியிருக்கிறார், ஏழாம் பக்கத்தில். விண்ணப்பதாரரின் அண்ணன் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே குடியேற்றத் துறையிடம் சொன்ன வாக்குமூலமும் இவர் சொல்வதும் ஒன்றே, அதே கிடங்கு, அதே மூன்று நாள், அதே இரும்புக் குழாய், அதே இடது முழங்கால், ஆகவே இவர் அண்ணன் கதையைக் களவாடியிருக்கிறார், நம்பத்தக்கவர் அல்லர். கூடப் பிறந்தவர்கள் மனுப் போட்டால் இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். எனக்கெப்படித் தெரியும்? நான் வந்தபோது அவன் அங்கேயே இருந்தான், வருவான் என்று நினைக்கவே இல்லை. என்னை யாரும் தொடவில்லையே, நான் சொல்ல என்ன இருந்தது என்னிடம், பயந்தேன் என்றா சொல்வது, பயத்துக்கு எந்த நாடு காகிதம் தரும்? அவனை அந்தக் கிடங்கு வாசலிலிருந்து தூக்கி வந்தவன் நான், ஆறு வாரம் அவனுக்கு மலம் அள்ளியவன் நான், அதனால் ஒவ்வொன்றும் மனப்பாடம். சொன்னேன். சொல்லும்போது அழுதேன், அந்த அழுகை மட்டும் என்னுடையது. அன்றைக்கு என் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லி யாராவது கேட்டிருந்தால்... கேட்கவில்லை, நம்பிவிட்டார்கள். அவன் காலைப் படம் எடுத்தே பார்த்தார்கள். பழைய முறிவு, எங்கே விழுந்தாலும் ஏற்படக்கூடியது என்று எழுதிவிட்டார்கள். உண்மைக்காரனுக்கு அழ வரவில்லை, பாவி, வாங்கின அடியைக் கடைக்குப் போய் வந்த மாதிரி சொல்லியிருக்கிறான்.

உத்தரவு வந்த அன்று ஏழாம் பக்கத்தை வக்கீலம்மா எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்து, "வாண்ணா, பசிக்குது" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், அதைக்கூட எனக்குத் தரவில்லை அவன். நேற்று மாலை வக்கீலம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒரு வழிதாங்க இருக்கு. நீங்க உண்மைய எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனா உங்க ஃபைலையும் திறப்பாங்க. வீட்ல பேசிட்டு வாங்க" என்றார். வீட்டில் என்ன பேசுவது? மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "பிள்ளைங்க இங்கதானே பொறந்தாங்க, அவங்களையும் அனுப்புவாங்களா?" அவள் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அந்த உண்மையைத் தட்டெழுதிய காகிதம் இப்போது வக்கீலம்மாவின் கோப்பில் இருக்கிறது, பேனா என் சட்டைப் பையில். உள்ளே போகும் முன் போட்டால் போதுமாம். போட வேண்டும், போடத்தான் வந்தேன், காலையில் முகம் கழுவும்போதுகூட முடிவாகத்தான் இருந்தேன். ஆனால் இந்த நீதிபதி நல்லவராக இருந்து, அதிகாரி எழுதியதில் தானாகவே ஓட்டை கண்டுபிடித்துவிட்டால்... அப்படி நடந்தால் கையெழுத்தே வேண்டாமே. சீ, என்ன பிறவி நான்.

கதவு திறந்து எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா கோப்போடு என் எதிரில் வந்து நின்றார். தம்பி எழுந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு நடந்தான், நேராக நடந்தான். வீட்டில் குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறவன், உதட்டைக் கடித்துக்கொண்டு, பட்டாளத்துக்காரன் மாதிரி நடந்தான். நான் கூப்பிட்டேன், "டேய், ஏன்டா இப்படி நடக்கிற? நொண்டினா நொண்டிட்டுப் போ." அவன் திரும்பி வந்து, குனிந்து, என் காதருகே மெதுவாகச் சொன்னான், "நீ நொண்டுறதில்லையேண்ணா. ஒரே அடி வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தன் மட்டும் நொண்டினா, பார்க்கிறவங்க யோசிப்பாங்க." சொல்லிவிட்டு மறுபடி கதவை நோக்கி அதே நடை. அப்படியானால் இத்தனை மாதமும், வாராவாரம் ஆஜர் கையெழுத்துப் போடக் குடியேற்ற அலுவலகத்துக்கு நான் துணைக்குப் போன ஒவ்வொரு முறையும், அவன் இப்படித்தான்... "என்னங்க, உள்ள கூப்பிடுறாங்க" என்றார் வக்கீலம்மா. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.