பன்னிரண்டாவது குழி

ரெபேக்காளை அடக்கம் செய்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, மேலகரம் வீட்டில் தேக்குப் பெட்டிக்குள் இருந்த முப்பத்தெட்டு வாட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே சாவி கொடுத்துக்கொண்டன. பெட்டியின் கண்ணாடி மூடியை யாரும் திறக்கவில்லை. முதல் வரிசையின் இடது ஓரத்தில் கிர்ர் கிர்ர் என்று தொடங்கிய சத்தம் ஒரு வாட்சில் முடிந்து அடுத்ததற்குப் போனது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் இருக்கும் சின்னக் குமிழ், பிடித்துத் திருக ஆளில்லாமலே முன்னும் பின்னும் திரும்பியது. மூன்றாம் வரிசையில் பெயர் அழிந்துபோன ஒரு பழைய வாட்சுக்குக் குமிழ் இறுக்கம். ரெபேக்காள் அதனிடம் வந்ததும் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடிப்பாள். அன்றைக்கும் அந்த இடத்தில், விரல் துடைக்கிற நேரத்துக்குச் சத்தம் நின்று பிறகு தொடர்ந்தது. எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆயிற்று. அவளுக்கும் அவ்வளவுதான் ஆகும். அவள் புருஷன் பெலிக்ஸ் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

பெலிக்ஸ் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைக்கு இருபத்தோரு வருஷம் வண்டி ஓட்டியவர். கூட இருந்தவர்கள் தங்கம் வாங்கினார்கள், ஊரில் மனை வாங்கினார்கள். இவர் வெள்ளிக்கிழமைதோறும் மத்ரா பஜாரில் பழைய சாமான் கடைகளின் முன்னால் குனிந்து நின்று பழைய வாட்சுகளாக வாங்கினார். பேட்டரி போட்டதைத் தொடமாட்டார். கையை ஆட்டினால் ஓடுவதைக்கூட வாட்ச் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். சாவி கொடுத்து ஓடுவதுதான் வாட்ச் என்பது அவர் கட்சி. லீவுக்கு ஊர் திரும்புகிறவர்களின் சட்டைப் பையில் ஒமேகா வந்தது, வெஸ்ட் எண்ட் வந்தது, எந்த நாட்டுப் பட்டாளக்காரனோ கட்டித் தேய்த்தது ஒன்று வந்தது. செங்கோட்டை ஆசாரி ஒருவர், குழி குழியாக வெல்வெட் பதித்து ஒரு பெட்டி செய்து கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் ஒருநாள், நின்றால் உள்ளே எண்ணெய் உறைந்துவிடும் என்று எங்கேயோ கேட்டதை வைத்து, பெலிக்ஸ் பக்கத்து வீட்டு உமாராணியின் போனுக்குக் கூப்பிட்டு ரெபேக்காளிடம், "ஒரு நாளும் நிக்க விட்டுராத, என்ன?" என்றார். அவள் சரி என்றாள். அடுத்த மாதம் அவள் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட, பெட்டியில் இருந்ததெல்லாம் நின்றது. அந்த வாரமே மஸ்கட்டில் அவர் வண்டி கவிழ்ந்து இரண்டு விலா எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு ரெபேக்காள் எதையும் நிற்க விடவில்லை. இந்த இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது பெலிக்ஸுக்குத் தெரியாது.

வாட்சுகள் தாமே சாவி கொடுத்துக்கொள்வதை மேலகரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் தக்காளி விற்ற விலையைப் பேசவே ஊருக்குப் பொழுது போதவில்லை. கோயில் ஊழியர் வந்து ஒருநாள் முழு இருபது நிமிடமும் காது கொடுத்துக் கேட்டு, இதில் அசுத்தம் ஏதும் இல்லை என்று ஜெபம் பண்ணிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். உமாராணி அந்தச் சத்தம் தொடங்கினதும் உலை வைக்கப் பழகிக்கொண்டாள். ஊர் பேசியது வேறு ஒன்றை. பெலிக்ஸ் அழவில்லை. அடக்கத்தன்று சவப்பெட்டியை மூடுகிற நேரத்தில், கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டபோது, மனுஷன் குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்குள் எதுவுமே நடக்கவில்லை. தலையோடு காலாக யாரோ ஈரக் கம்பளியைப் போட்டு மூடியது போல இருந்தது. சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை, பசி தெரியவில்லை. கொதிக்கிற காப்பி கையில் கொட்டித் தோல் வழன்றபோது, உமாராணி பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. சாரல் தொடங்கி ஐந்தருவியில் தண்ணீர் விழுந்தபோது, இதாவது உறைக்கட்டும் என்று போய் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்து நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் அடி தாங்காமல் வெளியே ஓடினார்கள். இவருக்கு யாரோ தூரத்தில் குளிப்பது போலத்தான் இருந்தது.

வருஷ நினைவு ஜெபத்துக்கு நாசரேத்திலிருந்து ஜெஸி வந்திருந்தாள். ரெபேக்காளின் தங்கை. ராத் தங்கிய அவள், காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா சாகக் கிடந்தபோது அக்கா வந்து முகத்தைப் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டதையும், அன்றைக்கே அம்மா போய்ச் சேர்ந்ததையும் சொன்னாள். தன் கல்யாணத்துக்கும் அப்படித்தான் தாலி கட்டி முடிந்த கையோடு ஓடினாளாம். எந்த வீட்டுக்கு யார் கூப்பிட்டாலும் ரெபேக்காளுக்கு ஒரே பதில்தான்: "காலைல ஆறு மணிக்கு இங்கன ஆளு வேணும்லா." ஏன் என்று ஜெஸி ஒருமுறை விடாமல் பிடித்துக் கேட்டிருக்கிறாள்.

"நிக்க விட்டா அவுகளுக்கு அங்கன ஒண்ணு ஆயிரும்ட்டின்னு சொன்னா அத்தான்," என்றாள் ஜெஸி.

பெலிக்ஸ் ஒரு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. இரண்டாயிரத்து ஆறில், மஸ்கட்டில் ரூவிப் பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர் அவரிடம், பழைய வாட்சைத் தினமும் முறுக்க வேண்டியதில்லை, சும்மா கிடக்க விட்டால் அதற்கு நல்லதுதான், மாதம் ஒருமுறை போதும் என்று சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை போனில் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தார். போன் கார்டு தீர்ந்துவிட்டது. அடுத்த லீவில் வந்து படுத்து எழுந்த முதல் காலை, அரைத் தூக்கத்தில் அந்தக் கிர்ர் கிர்ர் காதில் விழுந்தது. நன்றாக இருந்தது. அப்புறம் அவர் சொல்லவே இல்லை. பதினேழு வருஷம் சொல்லவில்லை. ஜெஸி சொன்னதைக் கேட்டபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது, ஆனால் நெஞ்சில் எங்கேயும் குத்தவில்லை. குத்தியிருக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஜெஸிக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

மகன் ஜெஸ்வின் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பெட்டி வீட்டில் இருக்கிறவரை அப்பா தேறமாட்டார் என்று அவனுக்கு ஒரு எண்ணம். வாட்சுகளைப் படம் பிடித்துப் போன் வழியாக நாலு பேருக்கு அனுப்பினான். தென்காசித் தேரடிப் பக்கம் பல் டாக்டராக இருக்கும் முத்துக்குமாரசாமி, தானும் வாட்ச் பைத்தியம் பிடித்தவர், மறுநாளே வந்துவிட்டார். முப்பத்தெட்டையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, இரண்டாம் வரிசையில், முதலிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது குழியில் இருந்த பேவர் லூபா வாட்சை மட்டும் கேட்டார். அது ரெபேக்காளின் அப்பா கட்டியிருந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுகிற நேரம், வாங்கி வைத்திருந்த புதுசை விட்டுவிட்டு, மனுஷன் தன் கையில் இருந்ததையே கழற்றிப் பெலிக்ஸின் கையில் கட்டினார். பெலிக்ஸுக்கு வாட்ச் ஆசை பிடித்ததே அன்றிலிருந்துதான். எவன் கேட்டிருந்தாலும் வாசலோடு அனுப்பியிருப்பார், முந்தின பெலிக்ஸாக இருந்தால். இப்போது எது போனாலும் ஒன்றுதான் என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். டாக்டர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, விலை பேசாமலே நல்ல விலை கொடுத்துப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சத்தம் வழக்கம்போலத் தொடங்கியது. பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது குழியில் வந்து நின்றது. ஒரு துடைப்பு நேரம் போனது, ஒரு பாட்டு பாடுகிற நேரம் போனது, வெயில் ஜன்னலுக்கு வந்தது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. உலை வைக்கக் காத்திருந்த உமாராணி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அந்த எடத்துல மைனி தேடுதாவ," என்றாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் பதின்மூன்றிலிருந்து கடைசிவரை எல்லாம் நின்றுபோயின. பெலிக்ஸ் கையால் முறுக்கிப் பார்த்தார். குமிழ் திரும்பியது, முள் அசையவில்லை. அன்று காலை பத்துக்குத்தான் சாவி விழுந்திருந்தது. அதற்கு மறுநாள் ஒன்பதுக்கு. ஒவ்வொரு நாளும் ஒன்று குறைந்தது. பெலிக்ஸ் பஸ் ஏறித் தென்காசிக்குப் போனார். கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்று அவர் வேட்டியை மட்டும் தள்ளியது. டாக்டர் பாவம் உள்ளபடியே வருந்தினார். வாட்ச் கனடாவில் இருக்கும் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகப் போய்விட்டது. பெலிக்ஸ் வீடு திரும்பிக் குழியில் வேறு வாட்சுகளை மாற்றி மாற்றி வைத்தார். சத்தம் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. பயம் வந்தது என்று சொல்ல முடியாது. பயப்பட வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். இப்படியே குறைந்தால் ஒருநாள் ஆறு மணிக்கு இந்த வீட்டில் சத்தமே இருக்காது, அப்புறம் ரெபேக்காள் என்று ஒருத்தி எங்கேயும் இருக்கமாட்டாள் என்கிற கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது.

பதினோராவது நாள் முதல் வாட்ச் மட்டும் சாவி கொடுத்துக்கொண்டது. மற்றவை கிடந்தன. பெலிக்ஸ் மூடியைத் திறந்து, என்ன செய்கிறோம் என்று பெரிதாக யோசிக்காமல், காலியாக இருந்த பன்னிரண்டாவது குழியின் மேல் தன் இடது மணிக்கட்டை வைத்தார். மாமனார் வாட்ச் கட்டிய அதே இடம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக் குமிழை ஒரு பெருவிரலும் ஒரு சுட்டுவிரலும் பிடித்தன. விரல்கள் ஈரமாக இருந்தன. வழுக்கியது. விட்டுவிட்டன. ஒரு துடைப்பு நேரம் கழித்து மறுபடி பிடித்து, முன்னும் பின்னுமாகத் திருகின. பெலிக்ஸுக்கு வலித்தது. முழங்கை வரை வலித்தது, தோளில் ஏறியது. முப்பது திருகுக்கு மேல் போய், இனி திருகினால் அறுந்துவிடும் என்கிற இறுக்கம் வந்ததும், அவள் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள். அதற்கப்புறம் பதின்மூன்றாவது வாட்ச் கிர்ர் என்றது. கடைசிவரை போய், திரும்ப முதல் வரிசைக்கு வந்து விட்டுப்போன பத்தையும் முடித்தது.

உமாராணி கொண்டுவந்த காப்பியில் சீனி அள்ளிக் கொட்டியிருந்தது. பதினாலு மாதமாக இதைத்தான் குடித்திருக்கிறோம் என்று பெலிக்ஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. பசித்தது. ஐந்து தோசை சாப்பிட்டார். பத்தரை மணிக்கு ரேஷன் கடை வரிசையில் பாமாயில் வாங்க நிற்கையில் அழுகை வந்தது. மாமியார் சாகக் கிடந்த வீட்டிலிருந்து சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க ரெபேக்காள் ஓடியதை நினைத்து அழுதார். கார்டு தீர்ந்த வெள்ளிக்கிழமையை நினைத்து அழுதார். நாசமாய்ப் போனவன் நான்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் அவரை முன்னால் விட்டார்கள்.

அன்றிலிருந்து அது தினப்படி ஆகிவிட்டது. சாவி ஒன்றரை நாள்தான் தாங்கும். ஒருமுறை திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கிவிட்டு, மறுநாள் சாயங்காலம் திரும்புகையில், ஆலங்குளம் தாண்டும்போதே விரல் நுனிகள் மரத்துவிட்டன. பாவூர்சத்திரத்தில் வாங்கிய முறுக்கில் உப்பு இல்லை. அதற்குப் பிறகு அவர் எங்கும் ராத் தங்குவதில்லை. ஒவ்வொரு நாளும் அந்த விரல்கள் வந்து பிடிக்கும்போது, நிற்க விட்டாலும் ஒன்றும் ஆகாது ரெபேக்கா, நீ போய் உட்காரு என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். சொன்னால் விட்டுவிடுவாள். அதனால் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் அவளுக்கு வாகாகத் திருப்பி வைத்துக்கொள்வார்.

இந்த வருஷம் ஜெஸ்வினுக்கும் கிருபாவுக்கும் பெண் குழந்தை பிறந்தது. சென்னையில் ஞானஸ்நானம். தாத்தா கையில் ஏந்திக்கொடுக்க வேண்டும் என்று ஜெஸ்வின் டிக்கெட்டே போட்டுவிட்டுக் கூப்பிட்டான். ரெபேக்கா என்று பேர் வைப்பதாகவும் சொன்னான். பெலிக்ஸ் பெயரைக் கேட்டு அழுதார், சந்தோஷப்பட்டார், எடையைக் கேட்டார், யார் சாடை என்று கேட்டார்.

"ஒரு நாளு வரப்படாதாப்பா?" என்றான் ஜெஸ்வின்.

"காலைல ஆறு மணிக்கு இங்கன ஆளு வேணும்லா," என்றார் பெலிக்ஸ்.

அந்தப் பக்கம் ஜெஸ்வின் போனை வைத்தான். ஞானஸ்நானத்தன்று காலை மேலகரத்தில் நல்ல சாரல். உமாராணி உலைப் பானையோடு காத்திருந்தாள். பெலிக்ஸ் சட்டையின் இடது கையை மடித்து விட்டுக்கொண்டு ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்பே பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.